புடிக்குப்பா

தோடு ஒரு சோடி, தலையில் குத்துகிற ஸ்லைடு மூணு, மெல்லிசாக ஒரு கழுத்துச் சங்கிலி. எல்லாத்தையும் கழற்றி, "இதக் கொஞ்சம் புடிங்கப்பா" என்று அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தாட்சாயணி அந்தக் கனத்த கதவுக்குள்ளே போனாள். ஆவுடையப்பன் கையை மூடிக்கொண்டார். உள்ளே பெரிய காந்தம் இருக்கிறதாம், இரும்பு, நகை எதுவும் கூடாதாம், முப்பத்தைந்து நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். "பிள்ளை பயப்படுமா சார்?" என்று ஸ்கேன் சென்டர் பெண் கேட்டதற்கு, "என்னம்மா நீ, தண்ணிக்குள்ளயே கெடக்கிற பிள்ளை, மூச்சை அடக்குனா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போயிருவா" என்று பெருமை அடித்தார். எந்த இடத்தில் எதைப் பீற்றிக்கொள்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா மனுஷனுக்கு? அந்தப் பெண் சிரித்துவிட்டு, அட்டையில் செருகிய ஒரு பாரத்தையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தாள். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை, அதனால் அப்பா கையெழுத்து வேண்டும், ஸ்கேன் முடிவதற்குள் படித்துப் பார்த்துப் போட்டு வையுங்கள், ரிப்போர்ட்டோடு சேர்ந்து டாக்டருக்குப் போகும் என்றாள். படித்துப் பார்க்க என்ன இருக்கிறது, பாப்பா எழுதும்போது இவர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார். பெயர் ஆ. தாட்சாயணி, வயது பதினேழு, எந்தத் தோள் வலது, உடம்புக்குள் உலோகம் உண்டா இல்லை. அதற்குக் கீழே, வலி எத்தனை நாளாக. அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அவள் தலையை நிமிர்த்தி ஒரு தடவை இவரைப் பார்த்தாள். இவர் சுவரில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யைப் பார்த்தார். அவள் குனிந்து இரண்டு மாதம் என்று எழுதினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் டங் டங் டங் என்று ஆரம்பித்தது. பூட்டிய கதவை யாரோ முஷ்டியால் குத்துகிற மாதிரி இருந்தது. ஆவுடையப்பனுக்கு ஒரு வியாதி உண்டு, எந்தச் சத்தம் கேட்டாலும் எண்ண ஆரம்பித்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம் நீச்சல்குளத்துக் கரையில் காவலுக்கு நின்று வந்த வியாதி அது. சர்ட்டிபிகேட் வாங்கின கோச் ஒன்றும் இல்லை அவர். முங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போடுகிற வேலை, தண்ணீருக்கு மருந்து கலக்குகிற வேலை. வந்து போன கோச்சுகள் சொன்னதை எல்லாம் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, தன் பிள்ளைக்குத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டார். காது கொடுத்துக் கேட்டு. ஆமா, நல்ல காதுதான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. சத்தம் நின்றது. இருபது, அதாவது ஒரு பக்கம் போய்ச் சேர அவளுக்கு இருபது வீச்சு, வலக்கை பத்து, இடக்கை பத்து. இந்தக் கணக்கை டாக்டரம்மாதான் முந்தாநாள் கேட்டாள். எலும்பு டாக்டர் ஜெசிந்தா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் நீந்துறாங்க என்று கேட்டாள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, ஐயாயிரம் மேடம் என்றார். என்னவோ பரிசு கொடுக்கப் போகிறவளிடம் சொல்கிற மாதிரி. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் எழுதினாள். இருபத்தைந்து மீட்டர் குளம், இருநூறு தடவை குளத்தைக் கடக்கணும், ஒவ்வொரு தடவைக்கும் வலது தோள் பத்து சுற்று, ஒரு நாளைக்கு இரண்டாயிரம், ஆறு நாளைக்குப் பன்னிரண்டாயிரம். காகிதத்தை இவர் பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்க ஒரு கதவை வாரத்துக்குப் பன்னிரண்டாயிரம் தடவை திறந்து மூடுனா கீல் என்ன ஆகும் சார்?" இவர் சிரித்தார். பாப்பா சிரிக்கவில்லை. டாக்டரம்மா தன் உள்ளங்கையைக் குழித்து, அதில் மறு கையின் முஷ்டியை வைத்துக் காட்டினாள். தோள்னா இதுதான் சார், சின்னக் குழி, பெரிய பந்து. பந்து நழுவாம நாலு தசைநார் சுத்தி நின்னு புடிச்சிருக்கு. அதுங்க அசந்து போச்சுன்னா பந்து மேல ஏறி எலும்பில ஒரசும். ஒரச ஒரச வீங்கும். வீங்கினதையும் வச்சு நீந்தினா நாரே கிழியும். புடிச்சிருக்கு என்று அவள் சொன்னபோது பாப்பா இவரைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை, பார்க்கவில்லை, இவராக நினைத்துக்கொள்கிறார். சன்னல் பக்கம்தான் பார்த்தாள், அங்கே ஒரு வேப்பமரம் நின்றது.

டங் டங் என்பது போய் இப்போது டர்ர்ர் என்று ஒரு நீளச் சத்தம். குளத்து மோட்டார் இப்படித்தான் கத்தும். காலையில் ஆறு மணிக்குப் போட்டுவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதுகூடக் கேட்காது, அதோடு தகரக் கூரை எதிரொலி வேறே, யார் எது சொன்னாலும் பாதிதான் காதில் விழும். பாதிதான் விழும், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிக்கெட் கிழிக்கிற நமச்சிவாயத்தைக் கேளுங்கள், அவரும் சொல்வார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சரி, அதை விடு. டாக்டரம்மா இன்னும் என்னவெல்லாமோ கேட்டாள். மூச்சு எந்தப் பக்கம் வாங்குறே என்றாள், இடது பக்கம் மட்டும்தான் என்றாள் பாப்பா. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வாங்கணும்னு யாரும் சொல்லலையா? யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தண்ணிக்குள்ள போகும்போது எப்படிப் போவுது, செஞ்சு காட்டு. பாப்பா இடக்கையால் செய்து காட்டினாள், வலக்கையால் முடியவில்லை. கட்டை விரல் முதலில் போனது. அதையும் டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். கையில் மட்டை மாட்டி நீந்துவியா? மட்டை என்றால் உள்ளங்கையில் ரப்பர் போட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் பலகை, தண்ணீரை அதிகமாகத் தள்ளும், கை பலமாகும். பாப்பா வாயைத் திறக்கும் முன்னால் இவர் முந்திக்கொண்டு, மஞ்ச மட்டை மேடம், பெரிய சைசு, மதுரைக்குப் போயி வாங்கிட்டு வந்தேன் என்றார். மதுரைக்குப் பஸ்ஸில் போனார், கார்த்திகை மாதத்து மழையில், போக வர ஏழு மணி நேரம், மடியில் வைத்துக் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார். தோள் தாங்காத பிள்ளைக்குத் தண்ணீரின் கனத்தை இரண்டு மடங்கு ஆக்கிக் கொடுக்க ஏழு மணி நேரம் நனைந்துகொண்டு போன அப்பன் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவர்தான் இருப்பார்.

"எல்லாத்துக்கும் வழி இருக்கு சார்" என்றுதான் டாக்டரம்மா சொன்னாள். நல்ல பெண், முகம் கோணாமல் சொன்னாள். வெறும் வீக்கம்னா பயமில்லை. மூணு மாசம் கைவீச்சு கூடாது, கையை உடம்போட ஒட்டி வச்சுக் காலை மட்டும் அடிக்கலாம், ஐஸ் வைக்கலாம். ரப்பர் நாடாவை சன்னல் கம்பில கட்டி இழுக்கிற பயிற்சி சொல்லித் தருவோம், முதுகுத் தசை பலப்பட்டாத்தான் தோள் நிக்கும். அப்புறம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும், வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அதுக்கு மேல கூடாது. பத்தில் ஒரு பங்கு! போன ஆடியில் இவர் இரண்டாயிரத்து ஐநூறை ஒரே வாரத்தில் ஐயாயிரம் ஆக்கினார், லீவு போட்டுக்கொண்டு கரையில் நின்று ஆக்கினார், மாநிலப் போட்டியில் வெண்கலத்தோடு நின்றுபோகக் கூடாது என்று ஆக்கினார். கிழிஞ்சிருந்தா? என்று கேட்டார் இவர். கிழிஞ்சிருந்தா அப்புறம் பேசுவோம், நீச்சல் இனி வேண்டாம்னுகூடச் சொல்ல வேண்டி வரலாம் என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள், அதுதான் இப்போது மடியில் உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்கிறது. "படத்துல எல்லாமே தெரியாது சார். எத்தனை நாளா வலிங்கிறதை மட்டும் எனக்குச் சரியாச் சொல்லுங்க. ரெண்டு மாச வலின்னா நான் ஒரு மாதிரி வைத்தியம் பார்ப்பேன், ரொம்ப நாள் வலின்னா அது வேற. தப்பான தேதியை நம்பிப் பயிற்சி கொடுத்தா, இருக்கிறதும் போயிரும்." அப்போது பாப்பா, ரெண்டு மாசந்தான் மேடம் என்றாள். அதே ரெண்டு மாசம். இவர் ஆமா மேடம் என்றார். ஆமா என்று சொல்வதற்கு ஒரு வாய், அதுவும் முந்திக்கொண்டு.

ரெண்டு மாசம் என்பது சொர்ணத்தின் கணக்கு. சொர்ணம் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள், மகளுக்கு யூனிபார்மும் அவள்தான் தைப்பாள். வைகாசியில் பிளஸ் டூவுக்கு அளவு எடுக்கும்போது, கையைத் தூக்குட்டி என்றாள். இடக்கை மேலே போனது, வலக்கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. தூக்குட்டி ஒழுங்கா, அக்குள் அளவு எடுக்காண்டாமா என்று சொர்ணம் கையைப் பிடித்து உயர்த்தினாள். பிள்ளை கத்திய சத்தத்தில் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த இவருக்குத் துணி கீழே விழுந்தது. எத்தனை நாளாட்டி? இப்பத்தாம்மா. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து வாயுப் பிடிப்பு என்றாள், பூண்டு சுட்டுக் கொடு என்றாள், ஒரு மாதம் பூண்டும் தைலமுமாகப் போனது. இவர் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி தைலம் தேய்த்துவிட்டார். ஆனால் கண்ணு இருக்கிறதே, அது காது மாதிரி இல்லை, அதுக்கு மோட்டார் சத்தம் ஒன்றும் பண்ணாது. பங்குனியிலேயே அவள் பள்ளிக்கூடப் பையை இடது தோளுக்கு மாற்றிவிட்டாள், இவர் பார்த்தார். இடது கையால் தலை சீவினாள், கோணலும் மாணலுமாக வகிடு எடுத்தாள், பார்த்தார். அலமாரி மேல் தட்டில் இருந்த டம்ளரை எடுக்காமல் கழுவாத டம்ளரில் தண்ணீர் குடித்தாள், அதையும் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஸ்டாப் வாட்சையும் பார்த்தார். ஸ்டாப் வாட்ச் மட்டும் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தது.

ஆவணி. இங்கே வந்து மாட்டிக்கொள்ளத்தான் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், அதுக்குத்தான் மதுரை, பூண்டு, வேப்பமரம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணியைப் புடி, தண்ணியைப் புடி என்பதுதான் அவர் கரையில் நின்று கத்துகிற ஒரே மந்திரம். கையை உள்ளே விட்டதும் முழங்கையை உயர்த்தி வைத்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் தண்ணீரைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு உடம்பை முன்னால் இழுக்க வேண்டும். பாதிப் பேர் தண்ணீரைத் தடவுவார்கள், பிடிக்க மாட்டார்கள். பிடிக்கிறது சொல்லிக்கொடுத்து வராது, ஒரு நாள் கைக்குத் தானாகத் தெரியும். பாப்பாவுக்கு மட்டும் அது வரவே இல்லை, மூன்று வருஷமாகத் தடவிக்கொண்டே இருந்தாள். புடிக்கலயேப்பா, கைக்குள்ள எதுவும் நிக்க மாட்டேங்கே என்று உதட்டைப் பிதுக்குவாள். புடிக்கும் பாப்பா, ஒரு நாளைக்குப் புடிக்கும், புடிச்சா எங்கிட்டச் சொல்லு. சொல்லு என்று சொன்னவரே இவர்தான். அப்புறம் அந்த ஆவணிக் காலை, ஆறரை மணி, வெயில் கூரை ஓட்டை வழியாகத் தண்ணீரில் விழுந்திருந்தது, மோட்டார் கத்திக்கொண்டிருந்தது, நூற்று இருபதாவது தடவையோ என்னவோ வந்து சுவரைத் தொட்டாள். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினாள். மூச்சு வாங்க வாங்க, புடிக்குப்பா என்றாள். அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். இவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "புடிக்கா! அடி என் சிங்கக்குட்டி! நான் சொன்னேம்லா! அந்தப் புடிய விட்டுராத, அப்படியே இன்னும் நாலு போ!" என்று கையைத் தட்டினார், ஈரத் தரையில் ஒரு ஆட்டம் போட்டார், வழுக்கி விழப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். என்னவோ சொல்ல வந்தாள். அப்புறம் இவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு இவர் நமச்சிவாயத்திடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், வீட்டு வாசலிலிருந்தே, சொர்ணம், ஒம் மகளுக்குத் தண்ணி புடிச்சிருச்சி என்று கூப்பாடு போட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பக்கோடா வாங்கிவந்தார். பிள்ளை இடது கையால் எடுத்துத் தின்றது. பந்திக்கு வந்த இடத்தில் தூங்குகிறவனைப் போல இவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அது தப்பு இல்லை. சத்தியமாகத் தப்பு இல்லை. புடிக்கு என்றால் யார்தான் என்ன நினைப்பார்கள்? கோயில் கட்டி அதில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவார், ஆவணியில் அவர் கேட்டது தண்ணீரைத்தான். இரண்டாவது தடவை? இரண்டாவது தடவை மட்டை வாங்கி வந்து நாலாம் நாள், மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது, மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. மட்டையோடு நாலு தடவை போய்வந்துவிட்டு, இடது கையை வலது தோளில் வைத்துக்கொண்டு, "மட்டை போட்டா ரொம்பப் புடிக்குப்பா" என்றாள். மட்டை போட்டால் தண்ணீர் அதிகமாகப் பிடிக்கத்தானே செய்யும், அதுக்குத்தானே மட்டை! தோளில் கை வைத்திருந்தாளே என்றால், நீச்சல் உடுப்புப் பட்டை அறுக்கிறது போல என்று நினைத்தார். நினைத்தாரா, நினைத்துக்கொண்டாரா? ரெண்டுக்கும் நடுவில் ஒரு நூல்தான் இருக்கிறது, அந்த நூலில் இத்தனை மாதம் நடந்து பார்த்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. ஒரேயடியாக நின்றது. ஏ.சி. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், முடிஞ்சிட்டோ என்றார். இந்த அமைதி ஆவுடையப்பனுக்குத் தெரியும். இதே அமைதிதான். மாசி மாதம் அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.

மாசியில் மோட்டார் ஓடவில்லை. ரிப்பேர் என்று கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள், மூன்று நாளாகக் குளத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். மழை இல்லை, வேறு பிள்ளைகள் இல்லை, அவளும் இவரும்தான். தகுதிப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது, அரை வினாடி குறைந்தால் தேசியப் போட்டி. அவள் வந்து சுவரைத் தொட்டாள், கண்ணாடியைத் தூக்கவில்லை, தலையும் நிமிரவில்லை, சுவர் ஓரத்து ஓட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு, "புடிக்குப்பா" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. தண்ணீரைப் பிடித்த பிள்ளை அப்படியா சொல்லும்? சுளுக்குப் புடிக்கு, வலிக்கு என்று சொல்கிற புடிக்கு அது. அந்தச் சொல்லுக்குள் இருந்தது தோள்தான், நரம்புதான், எலும்புதான், அது ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் இவர் காதில் வந்து விழுந்தது. விழுந்ததும் இவருக்கு ஆவணி ஞாபகம் வந்தது, மட்டை ஞாபகம் வந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆனால் புரிந்தது என்று ஒத்துக்கொண்டால் ஆவணியிலிருந்து ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப் வாட்ச் கையில் இருந்தது, போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. "அப்படித்தான் பாப்பா. இன்னும் நாலு போ." சொன்னது இவர் வாய்தான். அவள் நெற்றியை ஓட்டிலிருந்து எடுத்தாள். அப்புறம் போனாள், நாலும் போனாள். நாலாவது அவள் வாழ்க்கையிலேயே நல்ல நேரம். அடப் பாவி மனுஷா, அந்த நேரத்தைக் காலண்டரில் எழுதி வட்டம் வேறே போட்டு வைத்தாயே! தகுதிப் போட்டியில் கடைசிப் பத்து மீட்டரில் கை எழும்பாமல் ஏழாவதாக வந்தாள், அன்றைக்கு நல்ல தூக்கம் இல்லை போல என்று ஊருக்குச் சொன்னாயே! அதுக்கு அப்புறம் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. சாம்பார் எப்படி இருக்கு என்று சொர்ணம் கேட்டால்கூட நல்லாருக்கும்மா என்பாள், புடிக்கு என்று சொல்வதில்லை.

உள்ளே திரும்பவும் டங் டங் என்று ஆரம்பித்தது. கடைசிச் சுற்றாக இருக்கும். கிழிந்திருக்குமோ? கிழிந்திருந்தால் அந்த நாலில் கிழிந்திருக்கும். அந்த நாலில் எத்தனாவதில்? எண்ணாதே. முருகா, வீக்கமாக இருக்கட்டும், வெறும் வீக்கமாக, நான் மலையேறி வாரேன், முடி கொடுக்கேன், ஐஸ் வைக்கேன், ரப்பர் நாடா கட்டுகேன். ஆனால் ரெண்டு மாசம் என்று எழுதியிருக்கிறதே. அந்த ரெண்டு மாசத்தை நம்பித்தானே அந்தம்மா நாடா கட்டச் சொல்வாள், அதனால் இருக்கிற நாரும் கிழிந்துபோனால்? பாப்பா எதற்காக அப்படி எழுதினாள்? அம்மாவிடம் சொன்ன பொய்யைக் காப்பாற்றவா? இல்லை, இவரைக் காப்பாற்ற. அவள் பேனாவை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாளே, அது ஒரு கேள்வி. சொல்லட்டுமாப்பா என்று கேட்டாள். நாலாவது தடவையும் இவருக்குக் கேட்கவில்லை. ஆவுடையப்பன் மூடியிருந்த கையைத் திறந்தார். தோட்டின் திருகாணி உள்ளங்கையில் குத்திச் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. நகைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். ஆவணியிலிருந்து விரல் விட்டு எண்ணினார், ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, இதோ ஆனி. இரண்டு என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே பத்து என்று எழுதினார். கீழே கையெழுத்தைப் போட்டார், பக்கத்தில் தகப்பனார் என்றும் எழுதினார்.

கதவு திறந்து பாப்பா வந்தாள். தலைமுடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியில் இருந்த பாரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"என்னப்பா அடிச்சிருக்கீங்க?"

"சரியா எழுதியிருக்கேன்."

"பத்து மாசமா?"

"ஆவணியில நீ எங்கிட்டச் சொன்னல்லா."

அவள் வலது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள், யாரோ கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன பொருள் மாதிரி.

"நீங்க அன்னைக்கித் தண்ணிய நெனைச்சிட்டீங்க" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும். நீங்க கையத் தட்டிக்கிட்டு ஒரு ஆட்டம் ஆடுனீங்க பாத்தீங்களா. ஒங்க மூஞ்சி அப்படி இருந்து நான் பாத்ததே இல்லப்பா. அதப் பாத்துட்டு இல்லன்னு எப்படிச் சொல்ல? சரி, போட்டும்னு விட்டுட்டேன்."

இதோடு விட்டுவிடலாம் என்று ஒரு குரல் சொன்னது, பிள்ளையே வழி விட்டுவிட்டதே, தண்ணீரை நினைத்த அப்பனாகவே இருந்துவிட்டுப் போ என்றது. நல்ல குரல், அவருக்கு ரொம்பப் பழக்கமான குரல்.

"மாசியில எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு, பாப்பா."

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுவும் தெரியும்ப்பா" என்றாள். "அன்னைக்கி மோட்டார் ஓடலல்லா."

அவர் அழுதார். நாற்பத்தாறு வயசு மனுஷன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னாலும் ஸ்கேன் சென்டர் பெண் முன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்னை ஏசு பாப்பா, ரெண்டு வார்த்தை ஏசிரு என்றார். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும். "எல்லாரும் பாக்காங்கப்பா" என்று மட்டும் சொன்னாள், அப்புறம் இடது கையை அவர் முன்னால் நீட்டி, "எந் தோட்டைத் தாங்க" என்றாள். வாங்கிக் காதுவரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தாள், ஒரு கையால் திருகாணி போட முடியவில்லை. இவர் வாங்கிப் போட்டுவிட்டார். தடித்த விரல், சின்னத் திருகாணி, இரண்டு தடவை கீழே விழுந்தது. அவளுடைய கண்ணிலும் தண்ணீர் நின்றது, தோடு குத்தியதால் என்று அவள் சொன்னாள். அவர் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் அடித்தல் திருத்தலைப் பார்த்துவிட்டு, இதுதான் சரியா சார் என்று கேட்டாள். இதுதான் சரி என்றார். ரிப்போர்ட் நாளைக்குப் பதினோரு மணிக்கு என்றாள் அவள்.

வெளியே வெயில் கொளுத்தியது. வண்டி சீட்டு சுட்டது, கைக்குட்டையால் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பாப்பா பின்னால் ஏறினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் வண்டியை எடுக்கும் முன்னால் கேட்கிற கேள்விதான், வாய் தானாகக் கேட்டது.

"புடிச்சிக்கிட்டியா?"

"புடிச்சிக்கிட்டேன்ப்பா."

தினமும் அதோடு வண்டியை எடுத்துவிடுவார். சாவியைத் திருகினவர், எடுக்கவில்லை. பாதித் திரும்பி, பின்னால் பார்க்காமல் கேட்டார்.

"எந்தக் கையால, பாப்பா?"

முதுகுக்குப் பின்னால் சீட்டுக் கம்பி லேசாக ஆடியது.

"இடது கையாலதான்ப்பா" என்றாள். "மெதுவாப் போங்க."